ஹார்ம் எழுதாமல் விட்ட இருபத்துமூன்று நாட்கள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் பக்கத்து வீட்டு ஆலி, வயது எழுபத்தொன்று. கணவர் ஹார்மை அடக்கம் செய்த பதினோராம் நாள், கட்டம் போட்ட நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் சமையலறை மேசையில் போட்டார்.

"நீ கதை எழுதறவதானே? இதை முடிச்சுக் குடு."

நோட்டில் இருந்தது கேரவன் பயணத் திட்டம். (சினிமா நடிகர்கள் இளைப்பாறும் சொகுசு வண்டி அல்ல. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற குட்டி வீடு. மெப்பல் என்ற இந்த டச்சு ஊரில் எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது பேரிடம் இருக்கிறது.) ஆறு வாரம், நாற்பத்திரண்டு நாள், பிரான்சைத் தாண்டி போர்ச்சுகல் வரை. ஹார்ம் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் ஆறாம் தேதி எழுதத் தொடங்குவார், மார்ச்சில் முடிப்பார். இந்த வருடம் பத்தொன்பதாம் நாளுக்கு வந்திருந்தபோது...

(இந்த வாக்கியத்தை "நிலப்படத்தின் மேல் தலை சாய்த்தபடி உயிர் பிரிந்தது" என்று முடித்திருந்தேன். நான் தமிழில் எழுதி, ஆலிக்கு டச்சில் வாசித்துக் காட்டுவது ஏற்பாடு. கேட்டதும் பொரிந்து தள்ளிவிட்டார்: "மேப் மேல தலை வெச்சா செத்தாரு? சினிமாவா எடுக்கறே? சைக்கிள் பம்ப் வாங்கப் போன கடையில விழுந்தாரு. அதை எழுது." எழுதிவிட்டேன்.)

2

எதற்காக முடிக்க வேண்டும் என்று கேட்டேன்.

ஊருக்கு வெளியே ஹில்பர்ட் என்ற விவசாயியின் களஞ்சியத்தில்தான் குளிர்காலத்தில் கேரவன்கள் தூங்கும். அறுபது வண்டிகள், இடையில் கை நுழையாது. யார் எப்போது கிளம்புவார்களோ அந்த வரிசையில் நிறுத்துவார். எல்லோருக்கும் முன்னால் கிளம்புகிறவர் ஹார்ம், ஆகவே அவர் வண்டி கதவோரம். மார்ச் கடைசிச் சனிக்கிழமை அது நகராவிட்டால் பின்னால் நிற்கிற ஒன்றும் நகராது. வாங்குவதற்கு ஒரு தம்பதி தயாராக இருப்பதாக ஹில்பர்ட் தொலைபேசியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

"போறதா விக்கறதான்னு எனக்கே தெரியல," என்றார் ஆலி. "நீ மிச்சத்தை எழுதிக் காட்டு. கேட்டா தெரிஞ்சிடும்."

வாசகரே, ஒரு பெண்மணியின் கோடைகாலம் என் கதையை நம்பி நின்றால் நான் எங்கே போய் ஒளிவேன்?

3

முதலில் நோட்டைப் படித்தேன். நான் இதுவரை படித்த காதல் கடிதங்களில் எதுவும் இதற்கு ஈடில்லை.

"நாள் 3. 240 கி.மீ. அதற்கு மேல் போனால் ஆலி பேசமாட்டாள்."

"நாள் 8. ஆற்றோர முகாம். ரொட்டிக்கடை ஏழு மணிக்கு. கடைக்காரி ஆலியை விசாரிப்பாள்."

கேரவனில் இவ்வளவு கிலோதான் ஏற்றலாம் என்று வரம்பு உண்டு. ஹார்ம் ஒவ்வொரு சாமானையும் மார்போடு அணைத்துக் குளியலறை எடைக்கருவியில் ஏறுவார், பிறகு தன் எடையைக் கழிப்பார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எடைப் பட்டியல்: "உருளைக்கிழங்கு 15 கிலோ. ஆலியின் புத்தகங்கள் 9 கிலோ, குறைக்கக் கூடாது. என் செருப்பு ஒரு ஜோடி போதும்."*

* உருளைக்கிழங்கு பிரான்சில் கிடைக்காதா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "கிடைக்கும் பொண்ணே," என்று சிரித்தார் ஹார்ம், "ஆனா அதுக்கு வேகத் தெரியாது." அந்தச் சிரிப்பு வேலிக்கு அந்தப் பக்கம் இனி கேட்காது.

4

இருபதாம் நாளிலிருந்து என் சரக்கு. மூன்று விதமாக எழுதினேன்.

முடிவு அ: கேரவனை விற்கிறார். அது தெருமுனையில் திரும்பி மறையும்போது ஆலி கதவில் சாய்ந்து அழுகிறார்.

"அழமாட்டேன். அன்னிக்கு அடுப்பு பத்த வெக்காம சிப்ஸ் வாங்கித் தின்னுட்டுப் படுப்பேன். அடுத்தது?"

முடிவு ஆ: மகன் ரூலோஃப் அம்மாவை அழைத்துப் போகிறான்.

"அவனோட ஆறு வாரமா? பெட்ரோல் பங்க் தாண்டறதுக்குள்ள யாராவது ஒருத்தர் இறங்கிடுவோம்."

முடிவு இ எனக்கு மிகவும் பிடித்தது. ஹார்ம் எழுந்து வருகிறார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறார். பக்கத்தில் ஆலி மிட்டாய் பிரித்துக் கொடுக்கிறார். சூரியகாந்தி வயல்கள். நாற்பத்திரண்டு நாளும் அப்படியே.

வாசித்து முடித்தேன். ஆலி காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறார், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா கோவம் வருது. அவரு இல்லம்மா. காலைல கை நீட்டினா பக்கத்துல படுக்கை ஜில்லுனு இருக்கு. செத்தவரை உசுப்பி எந்திரிக்க வெச்சு வண்டி ஓட்ட விடுவே, உயிரோட இருக்கறவளை ஓட்ட விடமாட்டியா?"

"அது வந்து, ஆலி..."

"மூணு கதையிலயும் நான் எங்க இருக்கேன்? வாசல்ல நிக்கறேன், இல்லேன்னா பக்கத்து சீட்ல உக்காந்திருக்கேன். திருப்பிப் பாரு."

பார்த்தேன். உண்மைதான். அவர் கார் ஓட்டுகிறவர் என்பது எனக்குத் தெரியும், சந்தைக்கு அந்தக் காரில்தான் என்னையே கூட்டிப்போவார். அப்படியிருந்தும் கேரவன் என்றதும் அவர் கையை ஸ்டியரிங்கில் வைக்க எனக்குத் தோன்றவேயில்லை. வெட்கமாக இருந்தது.

5

(இந்தப் பகுதியை நான் திட்டமிடவில்லை.)

மார்ச் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணி. ஹில்பர்ட் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். கொக்கி மாட்டியாகிவிட்டது. முற்றத்தில் ஒரு பால் லாரி வழியை மறித்து நிற்பதால், கேரவனைப் பின்னுக்கு எடுத்து வளைத்துத்தான் சாலைக்குத் திருப்ப வேண்டும். ஹில்பர்ட் காருக்கு அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "நான் எடுத்துக் குடுக்கட்டுமா, ஆலி?"

"நீ லாரிக்காரரைப் போய்ப் பாரு, ஹில்பர்ட்."

ஆலி ஸ்டியரிங்கில். முகம் வெளுத்துப்போயிருக்கிறது. கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"நாப்பத்தொரு வருஷம் நான் பின்னாடி நின்னு கையைக் காட்டினேன், அவரு எடுத்தாரு. இப்ப நீ போய் நில்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே, ஆலி! எந்தக் கை எந்தப் பக்கம்னுகூட..."

"எனக்கு மட்டும் முதல் வருஷம் தெரிஞ்சுதா? ஒரு ஆப்பிள் மரத்தையே சாச்சோம். ரெண்டு கையையும் தூக்கு. எனக்குத் தெரியற மாதிரி நில்லு. கத்தாதே, எனக்குப் பதட்டமாயிடும்."

போகத்தான் போகிறாரா, அல்லது சாலைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு விற்கப்போகிறாரா? கேட்டேன். "முதல்ல இதைத் திருப்பறேன், அப்புறம் சொல்றேன்," என்றார்.

6

வாசகரே, இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. என் இரண்டு கையும் மேலே இருக்கின்றன.

கேரவன் என்னை நோக்கி அங்குலம் அங்குலமாக வருகிறது. இடப்பக்கம் வாய்க்கால். வலப்பக்கம் பால் லாரி. பக்கக் கண்ணாடியில் ஆலியின் கண்கள் என்னை விட்டு நகரவில்லை. நான் காட்டுகிற பக்கம் திருப்புவார், நம்பித் திருப்புவார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் என்னைவிடத் தள்ளி நிற்கிறீர்கள், இரண்டு பக்கமும் உங்களுக்குத் தெரியும்.

இடதா, வலதா? சீக்கிரம் சொல்லுங்கள்.