பூட்டை இழுத்துப் பார்த்தவள்

நெவேனாவுக்குச் சந்தேகம் என்பது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை. ருஸே நகரத்துப் பேருந்துகளில் அவள் டிக்கெட் பரிசோதகர். டான்யூப் நதியை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவன் போல ஜன்னலுக்கு வெளியே முறைத்துக்கொண்டிருப்பவனிடம் நேராகப் போய்க் கையை நீட்டுவாள். பெரும்பாலும் அவனிடம் டிக்கெட் இருக்காது. இப்படி ஊரையெல்லாம் பிடித்தவளின் வீட்டுக்குள்ளேயே ஒருவன் டிக்கெட் எடுக்காமல் வெகுதூரம் போய்வந்திருந்தான். அது அவள் கணவன் ராட்கோ.

ராட்கோ லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கைப்பேசியில் சூதாடி, சமையலறைக்கு ஓடு பதிக்க வைத்திருந்த பணத்தைத் தொலைத்தான். ஒரு சுவரில் மட்டும் நீல ஓடு ஏறியிருந்தது. மற்ற மூன்றும் வெறும் சிமெண்ட்டாகவே நின்றன. விஷயம் வெளியே வந்த அன்று நெவேனா கத்தவில்லை, பாத்திரத்தை உடைக்கவில்லை. "இன்னொரு தடவைன்னா சாவியை மேஜைமேல வெச்சிட்டுப் போயிடு ராட்கோ. நான் உன்னைத் தேடிட்டு வரமாட்டேன்" என்றாள். அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், சொன்னால் செய்துவிடுவாள்.

மறுநாளே ராட்கோ போய், நாட்டில் எந்தச் சூதாட்டத் தளமும் தன்னை உள்ளே விடக்கூடாது என்று அரசாங்கப் பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். "அடுத்த வருஷம் டிமிட்டர் திருநாள் வரைக்கும் எனக்கு எந்தக் கதவும் திறக்காது" என்றான். வாடகையோ கூலியோ, எதற்குக் கெடு சொன்னாலும் அங்கே வாயில் முதலில் வருவது அக்டோபர் கடைசியில் வரும் அந்தத் திருநாள்தான். அவளும் சரி என்று கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

வாயால் எடுக்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி அவளுடைய கண், காது, மூக்கு எல்லாம் முழுநேர வேலையில் இருந்தன. அவன் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு நிற்பாள். அவன் விசிலடித்தால் ஏன் விசிலடிக்கிறான் என்று யோசிப்பாள். அடிக்காவிட்டால் அதற்கும் யோசிப்பாள். புதன்கிழமைதோறும், சூதாட்டத்தை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போவான். அதையும் அவள் நம்பிவிடவில்லை. ஒருநாள் பின்னாலேயே போய் நூலகத்தின் அடித்தள ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராட்கோ பிஸ்கட் தின்றுகொண்டு ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறான் என்று கண்ணாடி வழியே கேட்கவில்லை. அதுவே ஒரு வாரம் அவளைக் குடைந்தது.

அப்புறம்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் குப்பை கொட்டக் கீழே போய், கார் கொட்டகைப் பக்கம் நண்பர்களோடு வாயடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில், அவனை விழுங்கிய அதே தளத்தை, தொப்பி போட்ட கிளி கண்ணடிக்கிற அந்தப் பக்கத்தை, தன் கைப்பேசியில் திறப்பாள். புதுக் கணக்கு என்ற இடத்தை அமுக்கி ராட்கோவின் பெயர், அடையாள எண், அவனுடைய கைப்பேசி எண் எல்லாவற்றையும் அடிப்பாள். சோதனை என்றால் முழுச் சோதனையாக இருக்க வேண்டாமா? உடனே சிவப்பில் ஒரு வரி வரும்: இவர் விலக்குப் பதிவேட்டில் உள்ளவர், அனுமதிக்க இயலாது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும். வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரிதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள். இழுத்துப் பார்ப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுவருஷம் செப்டம்பரில் அந்த ஞாயிறு, குளிர்காலத்துக்குச் சேமிக்கக் குடைமிளகாய் சுடும் நாள். குடியிருப்பு முழுக்க, பால்கனிக்குப் பால்கனி உருளை வடிவ அடுப்பில் சிவப்புக் குடைமிளகாய் கருகும் வாசனை. ராட்கோ சுட்டு எடுத்துப் போட, நெவேனா தோலை உரித்து ஜாடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பால்கனியில் பென்கா அக்கா, கையில் வேலை இருந்தாலும் வாய்க்கு வேலை இல்லையே என்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உன் புருஷன் ரெண்டு நாளா பாத்திரம் கழுவுறானாமே? சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்குது."

"கழுவட்டுமே அக்கா. கை என்ன தேஞ்சா போயிடும்?"

"அதுக்கில்லடி. என் வீட்டுக்காரர் நாப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் பாத்திரம் கழுவினாரு. அன்னிக்கு வண்டியக் கொண்டுபோய் மரத்துல மோதிட்டு வந்திருந்தாரு."

ராட்கோ சிரித்தான். அந்தச் சிரிப்பு நெவேனாவுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்தே இவனிடம் ஏதோ சரியில்லை. அவளைப் பார்க்கிறான், அவள் திரும்பினால் வேறெங்கோ பார்க்கிறான். அதைவிட மோசம், கைப்பேசியைத் தொடுவதே இல்லை. பால்கனி அலமாரியில், காலி ஜாடிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். சொந்தக் கைப்பேசியைப் பார்த்து எவன் பயப்படுவான்? ஜன்னலுக்கு வெளியே முறைக்கிற பயணியின் ஞாபகம்தான் அவளுக்கு வந்தது. மூக்கில் வேர்த்துவிட்டது.

"உப்பு எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளியின் பக்கத்தைத் திறந்தாள். அவன் கீழே போகும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. பெயர், அடையாள எண், கைப்பேசி எண். விரல் தானாக ஓடியது. அமுக்கினாள்.

சிவப்பு வரி வரவில்லை. திரை முழுக்கப் பச்சையாகி, கிளி தொப்பியைத் தூக்கி வணங்கியது. 'வரவேற்கிறோம், ராட்கோ! உங்கள் கைப்பேசிக்குக் குறியீட்டு எண் அனுப்பியுள்ளோம்.'

அதே நொடியில் பால்கனியில் காலி ஜாடிகளுக்குப் பின்னால் 'டிங்' என்று ஓர் ஒலி கேட்டது.

நெவேனா திரையை மறுபடி படித்தாள். திருநாளுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. இதற்குள் எப்படித் திறந்தது? இவனேதான் போய்ப் பெயரை எடுத்திருக்கிறான். பாத்திரம் கழுவியதற்கு அர்த்தம் இதுதானா? கோபம் தலைக்கேறும்போதே இன்னொன்றும் உறைத்தது. இவன் என்ன செய்திருந்தாலும், இப்போது கதவைத் திறந்து உள்ளே வா என்று கூப்பிட்டது அவள்தான்.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். ராட்கோ கைப்பேசியை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். பேயறைந்தது போல இருந்தது முகம். கட்டைவிரல் திரைக்கு மேலே தூக்கியபடியே நின்றது.

"யாருடா ஞாயித்துக்கிழமை?" என்றாள் பென்கா அக்கா.

"வேலை அக்கா. யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்களாம்." நெவேனாவைக் கடந்து போகும்போது அவன் முகம் கொடுக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. அவனுடைய கருவிப்பெட்டி, வைத்த இடத்திலேயே, காலணி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது.

லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினாள். அவன் எங்கும் போகவில்லை. லிண்டன் மரத்தடியில் நிறுத்தியிருந்த காருக்குள், ஜன்னலை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில் அவள் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள்.

"லிஃப்ட் எங்க ராட்கோ?"

அவன் கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினான். குறியீட்டு எண், அதன் கீழே, வரவேற்புப் பரிசாக இலவசச் சுற்றுகள் காத்திருக்கின்றன என்ற அழைப்பு.

"நான் பண்ணல நெவா. சத்தியமா நான் பண்ணல."

"பதிவேட்டிலேர்ந்து பேரை எடுத்துட்டியா?"

"எடுக்கல. அதுவா முடிஞ்சிடுச்சு. கையெழுத்துப் போட்ட நாள்லேர்ந்து ஒரு வருஷமாம். நான் பாட்டுக்கு டிமிட்டர் திருநாள், டிமிட்டர் திருநாள்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்துது. ஓடினேன், ஆபீஸ் பூட்டிட்டாங்க. நாளைக்குத் திறந்ததும் முதல் ஆளாப் போய் நிக்கணும்னு இருந்தேன். நடுவுல இந்த ரெண்டு நாள்தானே, போனைத் தொடாம ஓட்டிடலாம்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்டயா?" அவன் அவளைப் பார்த்தான். "நீ ஒருத்திதான் நிம்மதியா இருக்க. அதைக் கெடுக்கச் சொல்றியா? அந்தப் புதன்கிழமைக் கூட்டத்துல வந்து பாரு. ஒருத்தன் பொண்டாட்டி தினமும் பாக்கெட்டத் துழாவுறா. இன்னொருத்தன் மாமியா அவன் போனை மோந்து பாக்குது. எல்லாரும் புலம்புவானுங்க. நான் மட்டும் காலரத் தூக்கி விட்டுக்குவேன். எங்க வீட்ல ஒரு தடவைகூட கேட்டதில்லடா, ஒரு பார்வைகூடப் பாத்ததில்லடான்னு சொல்வேன். அவனுங்களுக்கு வயிறு எரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "ஆசை வர்றப்பல்லாம் அதைத்தான் நெனச்சுப்பேன். இவ்வளவு நம்புறவள எப்படிடா ஏமாத்துறதுன்னு."

நெவேனாவுக்கு இப்போதுதான் புரிந்தது. நூலக ஜன்னல் வழியாகக் கேட்காமல் போன பெருமை இதுதான்.

"இப்ப விரல் அது மேல போயிடுச்சு நெவா" என்றான், தாழ்ந்த குரலில். "பால்கனியில நின்னப்ப. அமுக்கியிருப்பேன். அதான் இறங்கி ஓடி வந்துட்டேன்." பிறகு குரல் மாறியது. "ஆனா இது எவனோ பண்ணின வேலை. என் நம்பர், அடையாள எண், எல்லாம் தெரிஞ்சவன். எங்க கூட்டத்துக்கு வர்ற தாடிக்காரன் ஸ்லாவியாத்தான் இருக்கும். போன வாரம் அவன்தான் கேட்டான், உன் தடை எப்ப முடியுதுன்னு. வரட்டும் புதன்கிழமை. சட்டையப் புடிச்சு வெளிய இழுத்துட்டு வந்து..."

சும்மா இருந்தால் போதும். தாடிக்காரன் பல் ஒன்று போகும், கூட்டம் கலையும், அவள் நம்புகிறவளாகவே இருந்துவிடலாம். ஒரு கணம் அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஸ்லாவி இல்ல" என்றாள். "நான்தான்."

"என்ன நீதான்?"

"நான்தான் உன் பேரைப் போட்டேன். இப்ப, உப்பு எடுக்கப் போனேனே, அப்ப. உள்ள விடுதா இல்லையான்னு பாக்கறதுக்கு. எப்பவும் விடாது. இன்னிக்கு விட்டுடுச்சு."

"எப்பவும்னா?"

"ஞாயித்துக்கிழமை தோறும். கிட்டத்தட்ட ஆரம்பத்துலேர்ந்தே."

ராட்கோ ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பதிலுக்கு அவளும் கத்தியிருப்பாள். அவன் மெல்லச் சிரித்தான். ரொம்ப நேரம் சிரித்தான்.

"அப்ப நான் கூட்டத்துல சொன்னதெல்லாம் பொய்" என்றான். "அத்தனை பேருக்கு முன்னால."

"ராட்கோ..."

அவன் திரும்பி அவள் முகத்தை ஆராய்ந்தான். அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது. இவ்வளவு நாள் அப்படிப் பார்த்தவள் அவள்தான். அது தன்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"நீ விளையாடினியா?"

"என்னது?"

"வாரா வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்க. நான் இல்லாத நேரமாப் பாத்து. எங்கிட்ட மறைச்சு. சும்மா பாத்துட்டு மூடிட்டேங்கற. நானும் இதையேதான் சொன்னேன் நெவா, ஞாபகம் இருக்கா? சும்மா பாத்தேன்னு."

கோபத்தில் அவளுக்குக் கண் சிவந்தது. மறுகணமே அது வடிந்துபோனது. தான் சொன்னதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பேருந்தில் ஒருவன் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

"இல்ல ராட்கோ. சத்தியமா நான் விளையாடல."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மேலே எங்கோ யாரோ அடுப்பிலிருந்து மிளகாயைத் தட்டிக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி" என்றான்.

"சரின்னா?"

"நம்புறேன்."

இத்தனை நாளில் ஒருமுறைகூட அவள் அவனிடம் சொல்லாத வார்த்தை. அவன் அதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தான். தன் கைப்பேசியை அவள் மடியில் வைத்தான். "நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வர்ற வரைக்கும் நீயே வெச்சுக்க."

நெவேனாவுக்குத் தாங்கவில்லை. தன் கைப்பேசியை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இந்தா, பாரு. பேங்க் பாரு, மெசேஜ் பாரு, எதை வேணும்னாலும் திறந்து பாரு."

"வேண்டாம்."

"பாத்துட்டுச் சொல்லு ராட்கோ!"

"வேண்டாம் நெவா." அவன் இறங்கி நடந்தான்.

"பாத்துட்டுப் போடா!" என்று ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினாள். பால்கனிகளில் தலைகள் முளைத்தன. பென்கா அக்கா இடுக்கியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். ராட்கோ திரும்பாமல் வாசலுக்குள் போய்விட்டான்.

கையில் தன்னுடையதும் மடியில் அவனுடையதுமாக இரண்டு கைப்பேசிகளோடு அவள் அழுதாள். ஒரே ஒரு தடவை அவன் வாங்கிப் பார்த்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.