வாயாடிக்குக் காட்டிய கை

கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கிற அண்ணன் பக்கத்தில் நிற்கிற ரோபோவுக்கு எல்லாரும் வைத்த பேர் வாயாடி. யாராவது டாக்டர் எங்கே என்று கேட்டுத் தொலைத்தால் போச்சு, வணக்கத்தில் ஆரம்பித்து வண்டி நிறுத்துகிற இடம் வரைக்கும் ஒப்பிக்கும். அதன் முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினால்தான் அடங்கும். கோபித்துக்கொள்ளவும் செய்யாது. நாள் பூராவும் கை காட்டிக் காட்டி அண்ணனுக்கு அதில் ஒரு சுகமே வந்துவிட்டது.

அவன் தம்பிக்குத் திக்குவாய். மற்றவர்களெல்லாம் அவன் பேச்சை முந்திக்கொண்டு முடித்துவைப்பார்கள். கடைசிச் சொல் வரும்வரை பொறுத்திருக்கிற ஒரே ஆள் அண்ணன்தான், சின்ன வயசிலிருந்தே.

அந்தத் தம்பி ஒருநாள் சாயங்காலம் முகமெல்லாம் பூரிப்பாக அண்ணன் வீட்டுக்கு வந்து, எனக்கு, எனக்கு என்று திக்க ஆரம்பித்தான். ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த அண்ணனின் கை தன்னால் எழும்பி, தம்பியின் முகத்துக்கு நேரே விரிந்து நின்றது. தம்பி கப்பென்று வாயை மூடிக்கொண்டான். அப்புறம் போய்விட்டான்.

"இப்ப யாருக்குக் கை காட்டினீங்கன்னு தெரியுதா?" என்றாள் மனைவி. "எனக்கும்தான் கொஞ்ச நாளா காட்டறீங்க. நான் கண்டுக்கல."

பாவி மனுஷன், அப்போதுதான் தன் கையைப் பார்த்தான். போன் போட்டான், எடுக்கவில்லை. எடுத்தால்தான் என்ன, போனில் தம்பிக்குத் திக்கல் இன்னும் மோசம். உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்குப் போனான், வந்தான்.

மறுநாளும் மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் மாடியில் விட்டுவிட்டுத் திரும்பினால், ஆளில்லாத கவுண்டரில் தம்பி நிற்கிறான். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று வாயாடி கேட்டிருக்கிறது. தம்பி அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அதுவும் தலையைச் சாய்த்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டது.

"அ... அண்ணன்கிட்ட சொல்லணும். ஒரு பொண்ணு என்னைக் கட்டிக்கச் ச... சம்மதிச்சிருக்கா. நான் சொல்லி மு... முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா. அண்ணன் மாதிரியே."

வாயாடி வாழ்த்துச் சொல்லி, வழக்கம்போல ஒப்பிக்கத் தொடங்கியது. அண்ணனின் கை பரபரத்தது. பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு, அது வண்டி நிறுத்துகிற இடம்வரை சொல்லி ஓயட்டும் என்று நின்றான்.

"முதல்லேர்ந்து சொல்லுடா," என்றான். "நான் எங்கயும் போகல."

தம்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கை இருந்த பையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.