போர்வைக்காரன் மகளுக்குக் குளிர்

ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஓர் உயிருக்கு வார்டு சிஸ்டர் சொன்ன விலை, என் சட்டை.

"கழட்டுங்க. பனியனும் சேர்த்து."

நான் மொத்த விலைக்குப் போர்வை விற்பவன். மகள் ஏழு வாரம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள் என்றதும், கடையிலேயே உயர்ந்த கம்பளியில் மூன்றை எடுத்து வந்து பார்சல் கட்டுவதுபோல நானே அவளைச் சுற்றியிருந்தேன். அப்படியும் அவள் பாதம் ஜில்லென்றிருந்தது. தெர்மாமீட்டர் முப்பத்தைந்து புள்ளி எட்டு என்றது. முப்பத்தாறரைக்குக் கீழே இறங்கக் கூடாதாம்.

"மூணு போர்வை போட்டும் குளிருதுன்னா உங்க தெர்மாமீட்டர்தான் கோளாறு," என்றேன்.

"மீன் கடையில ஐஸை எதுக்குச் சாக்குல சுத்தி வைக்கிறாங்க?"

"உருகாம இருக்க."

"அதைத்தான் செஞ்சு வச்சிருக்கீங்க. போர்வைக்குன்னு சொந்தமா சூடு கிடையாது சார். உள்ள இருக்கறதைக் காக்கும், அவ்வளவுதான். இவளுக்குச் சூடு உண்டாக்க உடம்புல கொழுப்பே இல்ல."

"அப்பனுக்கு நிறைய இருக்கு," என்றாள் பக்கத்துக் கட்டிலிலிருந்து என் மனைவி. ரத்த அழுத்தம் ஏறி, கையில் டிரிப்ஸோடு, நாளை வரை அசையக் கூடாது என்ற உத்தரவோடு படுத்திருந்தாள். வாய்க்கு மட்டும் உத்தரவு இல்லை.

'சூடு தரும் போர்வை' என்று பலகை மாட்டிப் பிழைப்பு நடத்துகிறவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் வார்டில் சூடேற்றும் பெட்டி ஒன்றுதான். அதில் ஏற்கெனவே இரட்டையர் குடியிருந்தார்கள்.

"இன்னொரு தடவை இறங்கினா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். நாலு மணி நேரப் பயணம். அம்மா கூடப் போக முடியாது," என்றார் சிஸ்டர்.

"எவ்வளவு நேரம் நெஞ்சோட வச்சிருக்கணும்?"

"நாள் முழுக்க. யாராவது ஒருத்தர் மாத்தி ஒருத்தர்."

"காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. முடிச்சுக்கலாம்."

"இது உங்க கடை இல்ல சார்."

கழற்றினேன். டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்ட மகளைத் தவளைபோல் கால் மடக்கி என் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, நீளத் துணியால் இறுக்கிக் கட்டினார். எடை தெரியவில்லை. குளிர்தான் தெரிந்தது.

சாய்ந்து உட்கார்ந்தேன். போன் அடித்தது, எட்டவில்லை. முதுகு அரித்தது, அதுவும் எட்டவில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது என் அக்காதான். எந்தச் சரக்கையும் பிரித்துப் பார்க்காமல் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"என்னடா கோலம் இது? நர்ஸெல்லாம் எதுக்கு இருக்காங்க?"

"அக்கா, கை வைக்காதே."

"யாரு ஜாடைன்னு பார்க்க வேணாமா?" தொப்பியை உருவிவிட்டாள். கட்டியிருந்த துணியையும் தளர்த்தினாள். "நெத்தி நம்ம அப்பாவேதான். மூக்குதான், பாவம், அவங்க வீட்டு மூக்கு."

"தொப்பியை மாட்டு."

"இருடா, காது எப்படின்னு…"

"மாட்டுக்கா."

"குளிப்பாட்டவே இல்ல போலிருக்கே?"

கட்டிப்போட்ட மனுஷன் எவ்வளவுதான் கத்த முடியும்? கத்தினால் நெஞ்சு அதிர்ந்தது. நெஞ்சில் குழந்தை.

"அண்ணி," என்றாள் என் மனைவி. குரல் உயரவில்லை. "சூடு இறங்கினா பிள்ளைய வண்டியில ஏத்திட்டுப் போயிடுவாங்க. எங்க வீட்டு மூக்கை வச்சுக்கிட்டு நான் இங்கயே அழுதுட்டுக் கிடக்கணும்."

அக்கா தொப்பியைக் காதுவரை இழுத்து மாட்டினாள். துணியை முன்னைவிட இறுக்கமாகக் கட்டினாள்.

சிஸ்டர் வந்து குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகினார். மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"முப்பத்தாறு புள்ளி ஆறு. ஏறிட்டா."

"அப்போ அவிழ்த்துடலாமா?"

"அவிழ்த்தா திரும்ப இறங்கும். தானா சூடு பிடிக்கிற வரைக்கும் இப்படித்தான். வீட்டுக்குப் போனாலும்."

மனைவி அங்கேயே பங்கு பிரித்தாள். "நாளையிலேர்ந்து எனக்குப் பன்னிரண்டு மணி நேரம். உங்களுக்கு எட்டு."

கடை என்று வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"எனக்கு ரெண்டு போட்டுக்கோ," என்றாள் அக்கா.

"தொப்பி கழட்டினதுக்கு இன்னொண்ணு அண்ணி."

"சரி, மூணு. அதுக்கு மேல இடுப்பு தாங்காது."

"குளிச்சிட்டு வாங்க. சென்ட் போடாம," என்றார் சிஸ்டர்.

பன்னிரண்டும் எட்டும் மூன்றும் இருபத்துமூன்று. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இன்னும் பாக்கி.