பின்சீட்டுக் கனம்

அப்பாவை முன்னறையில் கிடத்தியிருந்த அந்தக் காலை வேளையில், வாசலில் நின்ற அவருடைய காருக்கடியில் ஒரு மனிதர் மல்லாந்து கிடந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தவை கால்கள் மட்டும். அவற்றைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட வேண்டும்போல் இருந்தது பெரியவளுக்கு.

அவர் பழைய கார் தரகர். வண்டியைப் பார்த்து மதிப்புச் சொல்லும்படி போன வாரம் அப்பாவே போனில் வரச்சொல்லியிருந்தார். செய்தி தெரிந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பத்தான் பார்த்தார். அம்மா விடவில்லை.

"அவர் கூப்பிட்டு வந்த மனுஷன். பாக்காம அனுப்பக் கூடாது."

"அப்பாவை எடுத்துட்டுப் போக மேல ரோட்டுல வேன் வந்து நிக்குதும்மா. இந்தக் கப்பலை எடுத்தாத்தான் அது வாசலுக்கு வரும்" என்றாள் பெரியவள்.

"நிக்கட்டும். உங்கப்பா எங்கே ஓடிடப் போறார்."

வீடு ரோட்டைவிடப் பள்ளத்தில் இருந்தது. மேலே போக ஒரே ஒரு சரிவுப் பாதை. இரவெல்லாம் பெய்த மழையில் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கியது. அதை அடைத்துக்கொண்டு நின்றது கார். நீள மூக்கு, அகல முதுகு, ஒரு குடும்பமே படுத்துறங்கக்கூடிய பின்சீட்டு. அந்தப் பின்சீட்டின்மேல் பெரியவளுக்குத் தீராத கோபம். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அவளுக்கு அங்கேதான் இடம். முன்னால் தம்பி. தம்பி வராத நாளிலும் அவள் பின்னால்தான். உங்க டிரைவர் வந்துட்டார்டி என்று கூடப் படித்தவர்கள் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்டால், பேசாமல் உட்கார் என்பதோடு அப்பா முடித்துக்கொள்வார்.

தரகர் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். வருஷா வருஷம் வருகிறாராம். விற்கிற எண்ணமே ஐயாவுக்குக் கிடையாதாம். வண்டியைப் பற்றி இவர் சொல்லும் நல்லதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் சொல்லி முடித்து மூச்சு விட்டால், "அப்புறம்?" என்பாராம்.

"தெரிஞ்சுமா வர்றீங்க?"

"நான் பேசறதைப் பொறுமையாக் கேக்க எங்க வீட்டுல ஆள் இல்லக்கா."

டிக்கித் தரையில் துரு பார்க்க, அங்கிருந்த மணல் மூட்டையை இழுத்தார். எப்போதும் ஐயாவே அலுங்காமல் இறக்கி வைப்பாராம். இவர் இழுத்த இழுப்பில் நைந்த சாக்கு கிழிந்து மணல் மொத்தமும் கொட்டிப்போனது.

தம்பி வண்டியை எடுத்தான். பாதி ஏறியதும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்ற, வண்டி பக்கவாட்டில் நழுவிக் கீழேயே வந்து சேர்ந்தது. கொட்டிய மணலைச் சரிவில் வாரிப் போட்டார்கள். ஓடுகிற தண்ணீர் அதையும் கொண்டுபோயிற்று. தரகர் தள்ளினார். பெரியவளும் தள்ளி, முழங்கால்வரை சேறானாள். மேலே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"போற அன்னிக்கும் என்னைத் தள்ள வச்சுட்டுத்தான் போறார்" என்றாள்.

பின்சக்கரம் ஓட்டுகிற வண்டி இது, பின்னால் கனம் இல்லாவிட்டால் ஈரத்தில் பிடிக்காது, யாராவது ஏறி உட்கார்ந்தால் தேவலை என்று தரகர் மூச்சிரைக்கச் சொன்னார்.

அம்மா வாசற்படிக்கு வந்திருந்தாள். "அவளை உட்காரச் சொல்லு. அவர் அப்படித்தான் ஏத்துவார்."

பெரியவள் நிமிர்ந்தாள். "அப்போ இத்தனை நாளும் நான் மூட்டையா?"

"நீ போனப்புறம்தான் மூட்டை. உன் எடைக்கு நிறுத்துக் கட்டினார். இது எதிர்த்துப் பேசாதுன்னு ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்." அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்புறம் சிரிக்கல."

பெரியவள் சேற்றுக் காலோடு பின்கதவைத் திறந்து ஏறினாள். அப்பா இருந்திருந்தால் கால் கழுவ விரட்டியிருப்பார்.

"நடுவுல உட்காரு" என்றான் தம்பி.

"எனக்குத் தெரியும். நீ ரோட்டைப் பாரு."

சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. பிறகு பிடித்தது. வண்டி முனகாமல் மேலேறியது.

ரோட்டோரம் நிறுத்திவிட்டுத் தம்பி வேனுக்குக் கை காட்டியபடி சரிவில் இறங்கி ஓடினான். அவள் இறங்கவில்லை. பின்னாலேயே ஏறி வந்த தரகர் சற்றுத் தள்ளி நின்றார். பார்த்ததை யாரிடமாவது சொல்லிவிட்டுத்தானே போக வேண்டும்? கடைசியில் ஜன்னலருகே குனிந்து, இன்ஜின் சுத்தம், அடியில் துரு இல்லை, பள்ளம் மேடு தெரியாமல் தொட்டில் மாதிரிப் போகும், இந்த அகலத்தில் இனி ஒருவரும் சீட்டு வைக்கமாட்டார்கள் என்று எல்லாம் சொல்லி முடித்து மூச்சு விட்டார்.

கீழே வேனின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி இருந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.