கணு சீவிய மூங்கில்

மலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் ஒற்றையடித் தடத்தில் மூன்றாவது முறையாகத் தூளி நழுவி, முன்னால் மூங்கிலைச் சுமந்துபோன என் மைத்துனன் அர்த்தனாரியின் முதுகில் இடித்தது. மூங்கிலின் பின்முனை என் தோளில். தூளிக்குள் என் மனைவி பெருமாயி. இரண்டு நாளாக வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மலைக்கு ரோடு போடுகிறோம் என்று துரை வந்து அளந்துவிட்டுப் போனதோடு சரி.

அர்த்தனாரி நின்று மூங்கிலைத் தடவிப் பார்த்தான்.

"ஏனுங்க மாமா, கணுவெல்லாம் எங்கீங்க?"

"நாந்தாஞ் சீவுனேன். தோளுல அறுக்குமேன்னு."

அவன் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தூளி மூங்கிலின் கணுவை எங்கள் மலையில் யாரும் தொடமாட்டார்கள். முடிச்சை நழுவாமல் நிறுத்துவது அதுதான். அடிவாரப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த மேதாவி நான். உராய்வு என்றால் என்ன என்ற பௌதிகக் கேள்விக்கு முழு மார்க்கு வாங்கியவன். வழவழப்பில் எதுவும் நிற்காது என்று அன்று எழுதினேனே தவிர, காலையில் உட்கார்ந்து சீவியபோது அது தோன்றவில்லை. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

"முடிச்சு நிக்கக் கொடுவாள்ல ஒரு வெட்டுப் போட்டுக்கலாமா?" என்றேன்.

"நடுவழில முறிஞ்சா என்னங்க பண்றது? பள்ளத்தப் பாருங்க."

தலைத்துண்டை அவிழ்த்துத் தூளியின் பின்முடிச்சையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன். ஒவ்வோர் அடிக்கும் அவள் பாரம் என்னைக் கீழே இழுத்தது. கொட்டும் மழையில் நான் குதிகாலைச் சேற்றில் ஊன்றி அவளை மேலே இழுத்தேன். தூளிக்குள்ளிருந்து அவள் கை வந்து என் கையைப் பற்றியது. நகம் பதிந்து வலித்தது. வலிக்கட்டும், அவள் இருக்கிறாள் என்றிருந்தது. நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு அதுவும் நம்மை அழுத்தும் என்று வகுப்பில் ஒப்பித்ததை, அந்த இறக்கத்தில் சாமி பேர் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

"உட்ராதீங்க," என்றாள்.

"உடமாட்டேன் சாமி."

மழை விட்டு வெறித்தது. மரங்களுக்குக் கீழே காரவள்ளியும், எங்களுக்காக நிற்கும் மாட்டுவண்டியும் தெரிந்தன.

"வந்துட்டம் புள்ள. வண்டி நிக்குது பாரு."

என் கைக்குள் அவள் கை இருந்தது. நகம் பதியவில்லை. அழுத்தினேன். இன்னும் பலமாக அழுத்தினேன்.

"ஏனுங்க மாமா, நின்னுட்டீங்க?" அர்த்தனாரி திரும்பாமலே கேட்டான்.

என் இடுப்பில் கட்டிய துண்டு மட்டும் இறுகி, என்னைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது.