கலியமூர்த்திக்குப் பிடித்தவை

சட்டியின் மேல் தட்டை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே கவிழ்ப்பு, மஞ்சளாக, வட்டமாக, ஒரு விரிசலும் இல்லாமல் தட்டில் விழுகிறது, உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் எண்ணெயில் மெல்ல வேகவிட்டு, அடித்த முட்டையில் ஊறப்போட்டுச் சுட்ட ஸ்பெயின் தேசத்து அடை, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் உடையாமல் விழுந்ததில்லை, இன்றைக்குப் போய் இப்படி விழ வேண்டுமா என்று தையல்நாயகி தட்டைத் தள்ளி வைக்கிறாள், ஏனென்றால் கவிழ்க்கும்போது அவள் கையின் மேல் இன்னொரு கையின் கனம் இருந்தது, திரும்பிப் பார்த்தால் நாத்தனார் ராஜாமணிதான், அவளும் எட்டத்தில், நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறாள்.

அவள் புருஷன் கலியமூர்த்தி சரக்குக் கப்பலில் சமையல்காரன், எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அந்த ஊர் வீடுகளில் என்ன கொதிக்கிறது என்று மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு, நாகப்பட்டினத்துக்கு வீடியோவில் கூப்பிடுவான், ஏ தையலு, அடுப்பப் பத்தவை, இன்னைக்குத் துருக்கி, மைசூர்ப் பருப்பைக் குழைய வேகவச்சு புதினாவும் எலுமிச்சையும் போடு, அவ்வளவுதான், ராஜா வீட்டுச் சாப்பாடு, இத்தாலிக்காரன் பூண்டு எண்ணெயில் புரட்டும் மாவு இழைக்கு அவள் கடையில் கிடைத்த சேமியாவைப் போட்டுக் கஞ்சியாக்கிக் காட்டியபோது அவன் சிரித்த சிரிப்பில் போனே நழுவிக் கீழே விழுந்தது, கூரையும் ஒரு விளக்கும் மட்டும் தெரிந்தன, சிரிப்பு மட்டும் கேட்டது, இப்போதும் கேட்கிறது, பூண்டு பொன்னிறமாகும்போதெல்லாம் கேட்கிறது, கருகவிடாதடி, கருகினா தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பி. போன ஆடியில் ஒரு விடியலில் நடுக்கடலில் கப்பல் இருந்தது, அடுப்பு எரிந்தது, உலை கொதித்தது, அவன் மட்டும் இல்லை. காணவில்லை என்றார்கள் கப்பல்காரர்கள்.

காத்துக் கெடந்தது போதும் தையலு, என் தம்பி கனவுல வந்து சோறு கேக்குறான், ஈரத்தோட நிக்கிறான், வருஷமாச்சு, அவனுக்குப் புடிச்சத ஆக்கிப் படைச்சிருவோம் என்றாள் ராஜாமணி. காணாமப் போனவருக்கு யாராச்சும் படைப்பாங்களா அண்ணி, படைச்சா செத்துட்டாருன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடாதா என்று கேட்டதற்கு, நாத்தனார் இவள் நெற்றிப் பொட்டையே பார்த்தாள், பிறகு அழுதாள், அழுகிறவளிடம் எப்படி வழக்காடுவது, சரி என்று தலையாட்டிவிட்டாள், ஆனால் தையல்நாயகியும் லேசுப்பட்டவள் இல்லை, மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். படையலுக்கு ஆக்குவதை யாரும் உப்புப் பார்க்கக் கூடாது, ஒரு வாய் பட்டாலும் எச்சில், எச்சிலைச் செத்தவர்கள் தொட மாட்டார்கள், ஒரே ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டால் படையல் படையலே இல்லை, அப்படியானால் அவன் சாகவும் இல்லை.

இந்தக் கணக்கு ராஜாமணிக்கும் தெரிந்திருக்க வேண்டும், காலையிலிருந்து நிலைப்படியை விட்டு அசையவில்லை, பிலிப்பைன்ஸ் கோழியில் வினிகரும் மிளகும் பிரிஞ்சி இலையும் கொதித்து மணந்தபோது இவள் கரண்டியை வாயருகே கொண்டுபோனாள், தையலு என்றாள் நாத்தனார், சன்னமாக, கரண்டி திரும்பிச் சட்டிக்கே போயிற்று, ஜப்பான்காரன் சோற்றில் சூடான தேநீரை ஊற்றினாள், நம்ம பழைய சோத்துக்கு ஒன்னுவிட்ட தம்பிடி இது என்று காதோரம் யாரோ சொன்னார்கள், அவள் ஆமாங்க என்றாள், யாருகிட்ட பேசுற என்றாள் ராஜாமணி, அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தால் உச்சிப்பொழுது.

நடுவறையில் அவன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, எல்லாவற்றையும் பரிமாறி, சாம்பிராணி காட்டி, ஜன்னலை அடைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள், வருகிறவர் வந்து உண்ணும்வரை உயிரோடு இருப்பவர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்பது வழக்கம், ராஜாமணி வாசலில் கண்மூடிக் கும்பிட்டு நின்றாள், இதுதான் சமயம் என்று தையல்நாயகி சுவரோரமாக நழுவி, கொல்லைப்பக்கம் சுற்றி, அடுப்படி வழியாக நடுவறைக்குள் புகுந்தாள், ஒவ்வொன்றிலும் ஒரு விரல் வைத்து ஒரு நக்கு நக்கினால் முடிந்தது வேலை, நீங்க எங்கயோ இருக்கீங்க, எந்தத் தீவிலயோ எவ வீட்டு அடுப்பையோ எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க, வராதீங்க, இதைச் சாப்பிட வராதீங்க.

இருட்டு பழகியதும் இலை தெரிந்தது. அடையில் ஒரு துண்டு குறைந்திருந்தது. சோற்றில் விரல்கள் அள்ளிய பள்ளம், பள்ளத்தில் தேநீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது, கோழியோடு வெந்த பிரிஞ்சி இலை சப்பப்பட்டு, இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது, அவனைத் தவிர வேறு யார் அதைப் போய்ச் சப்புவார்கள், எத்தனை தரம் திட்டியிருக்கிறாள். பிந்திவிட்டாள். நெஞ்சு உடைந்து சத்தமே வராமல் அழுதாள், பயம் வர வேண்டிய இடத்தில் பயம் வரவில்லை, பாவி மனுஷன் எவ்வளவு பசியோடு வந்திருக்கிறான் என்றுதான் வந்தது, கல்யாணத்தன்று அவன் உண்டு எழுந்த இலையில் இவளை உட்காரவைத்தார்கள், அதே மாதிரி இப்போதும் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், அவன் தொட்ட பள்ளத்திலிருந்து ஒரு கவளம் எடுத்தாள், உப்பு சரியாக இருந்தது, எதிரே ஈர மூச்சு ஒன்று மெல்ல ஏறி இறங்கியது, வெளியே ராஜாமணி கதவைத் தட்டி, உள்ள யாரு, தையலு, உள்ள யாருடி என்றாள், வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு இவள் சொன்னாள், அவரு சாப்பிட்டாச்சு அண்ணி, நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.