பழைய ஸ்லாட்டுக்கு ஒரு கார்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அந்த மனிதருக்குத் தெருவில் டெஸ்டர் என்றுதான் பெயர். டெஸ்டர் இல்லாத சட்டைப்பையோடு அவரை யாரும் பார்த்ததில்லை. ஊரார் பெட்டிகளையெல்லாம் பிழைக்க வைத்தவர், சொந்தக் குடும்பத்தைக் கோட்டை விட்டார். மனைவி பிரிந்துபோய் வேறொருவரைக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. பதினான்கு வயது மகள் அம்மாவோடு. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அப்பாவும் மகளும் பூங்கா பெஞ்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

மகள் இருக்கும் அந்த வீட்டுக்குள் அவருடையது என்று சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது. பிரிவதற்கு முன் மகளுக்காகத் பாகம் பாகமாகத் தன் கையாலேயே பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர். அது ஓடுகிறவரை அங்கே தனக்கும் ஒரு மூலை உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம். மகளும் வாராவாரம் ஒரு குறை கொண்டுவருவாள். ஒருநாள் விசிறி சத்தம், ஒருநாள் தானாக நின்றுபோகிறது. இவர் வைத்தியம் சொல்லுவார். ஒரு சனிக்கிழமை, "கேம் போட்டா திக்குதுப்பா" என்றாள்.

"கிராபிக்ஸ் கார்டு மாத்திடுவோம்."

"வேணாம்பா. இதுவே போதும்."

செலவுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

நேரமும் சரியில்லை. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் பழைய மாதிரியிலிருந்து புது மாதிரிக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. ஒன்றுக்கான கார்டு மற்றதில் ஏறாது, தலைகீழாக நின்றாலும். பழைய ஸ்லாட்டுக்கு ஒன்று ஒப்புக்குச் சப்பாணிக் கார்டு கிடைக்கும், இல்லாவிட்டால் யானை விலை. நடுத்தரமாக ஒன்று வேண்டுமென்று கடை கடையாக ஏறி இறங்கினார்.

மொத்தக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, இதே காசுக்குப் புது ஸ்லாட்டுல இதைவிட நல்லதா தரேன். போர்டையும் சேர்த்து மாத்திருங்க. எதுக்கும் பாப்பாகிட்ட என்ன போர்டு இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க."

"நான் பூட்டின பொட்டிய நானே போய்க் கேக்கணுமா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். போர்டை மாற்றுவதென்றால் அந்த வீட்டு வாசற்படி ஏற வேண்டியிருக்கும். கார்டு என்றால் மகளே செருகிக்கொள்வாள். கடைசியில் பழைய ஸ்லாட்டுக்கென்று மிஞ்சியிருந்த சரக்கில் ஒன்று அகப்பட்டது.

அதைத் தன் கடைப் பெட்டியில் மாட்டி ஒரு நாள் முழுக்க ஓடவிட்டார். சோதிக்காமல் ஒரு பொருளையும் அவர் கைமாற்றியதில்லை. சனிக்கிழமை கொடுத்தபோது மகள் டப்பாவையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று இந்த மனிதர் எடுத்துக்கொண்டார்.

மறுநாளே போன் வந்தது. "மாட்டிட்டேன்ப்பா. சூப்பரா ஓடுது." அன்றைக்கு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

செவ்வாய்க்கிழமை வேறு வேலைக்காகக் கடைப் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கார்டோடு வந்த, அதற்குத் தனியாகக் கரண்டு கொடுக்கிற ஒயர், சோதித்தபோது செருகியது, உள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் அந்தக் கார்டு கீச்சென்று கத்துமே தவிர, திரையில் ஒரு புள்ளிகூடக் காட்டாது.

அடுத்த சனிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒயரை மகள் கையில் வைத்தார். "இது இல்லாம அது ஓடாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தப் பொட்டியே இல்லப்பா. ஆறு மாசம் முன்னாடியே அங்கிள் வேற வாங்கிட்டாரு. பழசை யாருக்கோ குடுத்துட்டாங்க."

"அப்ப ஆறு மாசமா நீ சொன்ன ரிப்பேரெல்லாம்?"

"அது இல்லன்னா நீ பேசவே மாட்டேங்கிறியேப்பா. சாப்டியான்னு கேப்ப, படிக்கிறியான்னு கேப்ப, அப்புறம் வாட்சையே பார்த்துட்டு இருப்ப. கம்ப்யூட்டர்னா மட்டும்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசுற."

அவர் அழுதார். பக்கத்துப் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். அவளைப் பற்றி, அவளுடைய தோழிகளைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. வாயில் வந்ததோ வேறு கேள்வி.

"புதுப் பொட்டில என்ன போர்டும்மா?"

"பார்த்துட்டு வந்து சொல்றேன்ப்பா" என்றாள் மகள்.